நாற்பது வரை எண்ணு

விறகுத் தொட்டி அக்கா எந்தப் பொருளையும் சட்டென்று கைமாற்ற மாட்டார். டீ டம்ளரோ சாவிக்கொத்தோ, நம் விரல்கள் அதைத் தொட்ட பிறகும் அவர் பிடி தளராது. "புடிச்சுட்டியா?" என்று கேட்பார். தலையை ஆட்டினால் போதாது. "புடிச்சுட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவர் விரல்கள் திறக்கும், அதுவும் ஒவ்வொன்றாக. புதிதாக வருகிறவர்கள் டம்ளரின் ஒரு பக்கத்தைத் தாங்களும் மறுபக்கத்தை அவருமாகப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள்.

இரண்டு வருஷம் அந்த வீட்டின் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. "கை தவறி விழுந்தவை" என்று அந்த இரண்டு வருஷத்துக்கும் ஒரு பட்டியல் போட்டால் அதில் என் சாமான்கள்தான் இருக்கும்: மைக்கூடு இரண்டு, எண்ணெய்க் கிண்ணம் ஒன்று, செட்ஸ்கொயர் ஒன்று. அக்காவின் பக்கம் காலி. அவர் கையிலிருந்து போனது ஒன்றே ஒன்று. அது நான் அங்கே வருவதற்கு முன்பு.

நான் அப்போது செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் டிரேசர். இன்ஜினீயர்கள் பென்சிலில் போட்ட படத்தைத் துணியில் மையால் படியெடுக்கிற வேலை. அச்சரப்பாக்கம் பக்கத்துச் சேரியில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் படம் வரையப் பயிற்சி பெற்று வந்த கிறிஸ்தவப் பெண்ணுக்கு அறை கிடைப்பது சுலபமாக இல்லை. ஏழு வீடுகளில் கேட்டுவிட்டு எட்டாவதாக விறகு விற்கும் அந்தத் தொட்டிக்கு வந்தேன். அக்கா என் ஊரையும் கேட்கவில்லை, சாதியையும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, என் டிரங்குப் பெட்டியை வாங்கி ஒரு கையில் தொங்கவிட்டுப் பார்த்தார்.

"ஏழு வீசை கீது. இன்னா உள்ள, கல்லா?"

"புஸ்தகம், வரையற கருவி."

"கோடு போடற பொண்ணா? சரி, உள்ள வா கோட்டம்மா."

அன்று மாலையே தொட்டியின் பெரிய தராசில் பெட்டியை வைத்துப் பார்த்தேன். சந்தேகத்தினால் இல்லை, அது என் சுபாவம். ஏழு வீசையும் இரண்டு பலமும் இருந்தது. நான் முள்ளைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த விறகு பிளக்கிற ஆள் சிரித்தான். "தராசு தப்பும்மா, அக்கா கையி தப்பாது. ரெண்டு பலம் இன்னாத்துக்கு அதிகமா காட்டுதுன்னு தராசத்தான் கேக்கணும்."

விழுந்த அந்த ஒன்றைப் பற்றி அக்காவின் மாமியார்தான் சொன்னார். நானும் அவரை மாமி என்றே கூப்பிட்டேன். கையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, பருப்பு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

"மாவலிவரம் பக்கம் சவுக்குத் தோப்பு வெல பேசப் போனாங்க, என் மகனும் இவளும். தோப்புக் கெணறு, கரை இடிஞ்சு அவன் உள்ள போய்ட்டான். இவ மேலேர்ந்து கயிறு போட்டா. அவன் இடுப்புல கட்டிக்கினான். பாதி தூரம் இழுத்துட்டா. அப்புறம் வுட்டுட்டா. கை தானா வுட்டுச்சுங்கறா."

மாமி ஒரு மணியைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் இவ உள்ளங்கைய விரிச்சுப் பாத்தேன் புள்ளே. ஒரு செராய்ப்பு இல்ல. கயிறு வழுக்கினா தோலு உரியாது?"

"அப்புறம் ஏன் மாமி இவங்களோட இருக்கீங்க? வாலாஜாபாத்துல மக இருக்காங்கன்னீங்களே?"

"இவளா வுட்டாளா, தானா வுட்டுச்சான்னு தெரியலயே. தெரிஞ்சா அன்னிக்கே பொட்டி கட்டிடுவேன்."

ஒரே சுவருக்குள் இரண்டு பேர், ஒரே கேள்வியோடு. மாமி அதை மணியில் உருட்டினார். அக்கா அதைத் தூக்கிப் பார்க்கத் தீர்மானித்தார்.

விறகு அடுக்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே அக்காவின் கணவர் வாங்கிப்போட்ட பார்பெல் கிடந்தது. ஒரு இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் மாட்டுகிற இரும்பு வட்டுகள். சென்னையில் கப்பல் சாமான் ஏலத்தில் எடுத்ததாம். சுவரில் தபாலில் வரவழைத்த இங்கிலீஷ் அட்டவணை ஒட்டியிருந்தது. அதிலிருந்த பயில்வான் ஜட்டி மட்டும் போட்டிருந்ததால் மாமி அவனுக்குப் பழைய காலண்டர் தாளை லுங்கியாக ஒட்டியிருந்தார். பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷினில் வந்த சின்ன அட்டை. ஒரு பக்கம் கணவரின் எடை, 126 பவுண்டு. மறுபக்கம் "பிரயாணத்தால் அனுகூலம் உண்டு" என்ற பலன்.

"ரெண்டு வாரம் கசரத்து பண்ணாரு. அப்புறம் அதுல துணி காயப்போட்டோம்" என்றார் அக்கா. "கோட்டம்மா, இதுல இன்னா எழுதிகீதுன்னு தமிழ்ல சொல்லு."

நான் படித்துச் சொன்னேன். தொடக்கக்காரர்களுக்கான பாடம். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஓய்வு. மூன்றே வேலை. கம்பியைத் தோளில் வைத்து பஸ்கி எடுப்பது, நின்றபடி தலைக்கு மேல் தூக்குவது, தரையிலிருந்து இடுப்பு வரை எடுத்து நிமிர்வது. முதல் இரண்டும் ஐந்து ஐந்தாக மூன்று சுற்று, கடைசியது ஒரு சுற்று போதும். முதல் நாள் வெறும் கம்பி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்ட வேண்டும், ஆசைப்பட்டு அதிகம் கூட்டக்கூடாது. முதுகு வளையக்கூடாது. ஒரே எடையில் மூன்று முறை தோற்றால் பத்தில் ஒரு பங்கு குறைத்து மறுபடி ஏற வேண்டும்.

"தோத்தா கொறச்சிக்கினு மறுபடியும் வரலாமா?" என்று கேட்டார். அந்த ஒரு வரியைத் திரும்பவும் படிக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தொழுகை நாள் என்பதால் திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொண்டோம். பள்ளிவாசலில் மதியத் தொழுகைக்கான பாங்கு முடிந்து, தொட்டி சாப்பாட்டுக்கு மூடியிருக்கும் நேரம். நானும் அலுவலகத்திலிருந்து சாப்பிட வருவேன். ஒரு கட்டைமேல் உட்கார்ந்து, மடியில் தூக்குச்சட்டியோடு நோட்டில் எழுதுவது என் வேலை. வட்டுகளை அவர் யாரையும் தொட விட்டதில்லை, என்னையும். முதல் நாள் வட்டு ஒன்றைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இதுல இன்னா போட்டுகீது?"

"அஞ்சு."

"அஞ்சு இன்னாது?"

வட்டில் எண் மட்டும்தான் இருந்தது. அட்டவணை முழுக்கப் பவுண்டு. "அஞ்சு பவுண்டு" என்றேன். கம்பியின் முனையில் 20 என்று அடித்திருந்தது. அதையும் பவுண்டு என்றே எழுதிக்கொண்டேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி. படிச்சவ சொன்னா சரி."

இடது சுண்டுவிரல் அவருக்கு நேராகாது. அதைப் பக்கத்து விரலோடு துணியால் கட்டிக்கொண்டார். எப்படி ஆச்சு என்று கேட்டேன். "கதவு" என்றார். சொல்லிவிட்டு முடிச்சைப் பல்லால் இறுக்கினார்.

அட்டவணையில் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். தரையிலிருந்து கம்பியை எடுத்து ஐந்தாவது முறை நிமிர்ந்ததும் இறக்க மாட்டார். இடுப்பருகே பிடித்தபடி நின்று, "நாப்பது எண்ணு" என்பார். நான் எண்ணுவேன். அவர் கண்கள் எதிரே தரையில் ஒரே இடத்தைப் பார்த்தபடி இருக்கும். நான் நாற்பது சொன்னதும் கம்பியைச் சத்தமில்லாமல் இறக்குவார். நான் எண்ணும்போது வீட்டுக்குள் மாமியின் மணிச்சத்தமும் நின்றுபோகும் என்பதைச் சில நாள் கழித்துக் கவனித்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு மதியம் வந்தபோது தொட்டித் தராசில் ஒரு லுங்கியும் சட்டையும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. கீழே மரப்பட்டைத் தூள் ஈரத்தைக் குடித்துக் கறுத்துப்போயிருந்தது. காற்றில்லாத மதியம், தராசு மட்டும் மெல்ல ஆடியது.

"அட்டையில காஞ்ச எடைதானே கீது" என்றார் அக்கா. "அவரு நனைஞ்சில்ல இருந்தாரு. இன்னா காட்டுது, பாத்துச் சொல்லு."

காய்ந்த துணியின் எடை போக ஐந்து பவுண்டு. நூற்றிருபத்தாறோடு கூட்டி 131 என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வட்டம் போட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பின்வாசலில் மாமி நின்றிருந்தார். மகனின் சட்டையை அவர் பார்த்தார், பிறகு எண்ணை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து சாயங்காலம் மாமியின் கேள்வியும் ஒரு வழக்கமானது. "இன்னிக்கு எத்தினி?"

"அம்பது, மாமி."

"இன்னும் எம்பத்தொண்ணு." அவர் கணக்கு என்னைவிட வேகம். அந்த மிச்சத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்று புரிய எனக்கு நாளாயிற்று. மருமகளால் தூக்க முடியாத எடைதான் தன் மகன் என்பதற்கு அது சாட்சி. அந்த மிச்சம் இருக்கிறவரை அவர் பெட்டி கட்ட வேண்டாம்.

மூன்றாவது சனிக்கிழமை கம்பியில் அறுபது. நாற்பது எண்ணி நிறுத்தினேன். அக்கா இறக்கவில்லை. "எண்ணு" என்றார். ஐம்பது. "எண்ணு." அறுபதில் மெதுவாக இறக்கிவிட்டு, கம்பியின் முன்னால் உட்கார்ந்தார். விறகு பிளக்கிற ஆள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கோதாவுல எறங்கப் போறியா? நான் வேணா தவில் அடிச்சிக்கினு முன்னாடி வரேன்" என்றான். வழக்கமாக அவனுக்கு உடனே பதில் கிடைக்கும். அன்று அவர் தலையைத் திருப்பக்கூட இல்லை. நோட்டில் அன்றைய வரி இப்படி இருக்கிறது: "60. அறுபது எண்ணிக்கை. சாப்பிடவில்லை." காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஒருநாளும் நாற்பதைத் தாண்டச் சொன்னதில்லை. எடை மட்டும் ஏறியது. எண்பதில் மூன்று முறை தோற்று எழுபத்திரண்டரைக்கு இறங்கினார், மறுபடி ஏறினார். தோற்பது என்றால் தூக்க முடியாமல் போவது. தூக்கிய பிறகு விட்டது ஒருமுறைகூட இல்லை.

சவுக்கு வாங்க லாரியில் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். "அளவு டேப்பை எடுத்துக்கோ" என்றார். திருக்கழுக்குன்றம் தாண்டி, மகாபலிபுரத்துக்கு வடக்கே மணல்பாதையில் இறங்கினோம். சவுக்குத் தோப்புக்குள் கடல் தெரியாது, சத்தம் மட்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். அது கடலா, சவுக்கு இலையில் காற்றா என்று பிரிக்க முடியாது. உச்சிவெயிலில் நிழல்கள் கறுப்பு மையில் கோடு போட்டதுபோல இருந்தன. கிணற்றைப் பனம்பலகை போட்டு மூடியிருந்தார்கள். அக்கா ஒரு பலகையை நகர்த்தினார். எட்டிப் பார்க்கவில்லை.

"ஆழம் எவ்ளோ, பாரு."

டேப்பில் கல்லைக் கட்டி இறக்கினேன். தண்ணீர் மட்டம் வரை முப்பத்திரண்டு அடி.

"பக்கத்து மரம்?"

பன்னிரண்டு அடி.

"கயிறு நாப்பது அடி. மரத்துல சுத்தியிருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. எழுதிக்கோ."

நாலு அடி குறைகிறது, முடிச்சுக்கு வேண்டியதைச் சேர்க்காமலே. எழுதிக்கொண்டேன். அவர் பக்கம் ஒரு வரியாவது எழுத முடிந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, நாப்பது எதுக்கு?"

பலகையை மூடிக்கொண்டே சொன்னார்: "கீழேர்ந்து அவருதான் எண்ணாரு. கசரத்துல எண்ணுவாரே, அதுமாதிரி. ஒரு கை ஒடிஞ்சிபோச்சு, ஆனாலும் எண்ணிக்கினே இருந்தாரு. நாப்பது வரைக்கும் கேட்டுச்சு. நாப்பத்தொண்ணு கேக்கல."

ஐந்து மாதமாக, வாரத்துக்கு மூன்று நாள், யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தேன் என்று லாரியில் திரும்பும்போது உறைத்தது. ஆனாலும் மறுநாள் திங்கட்கிழமை. எண்ணினேன்.

பவுண்டும் வீசையும் போய் கிலோ வரப்போகிறது என்று எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் விளக்கம் நடத்தினார்கள். மேஜைமேல் புது இரும்புக் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு கிலோ என்பது இரண்டு பவுண்டு, மூன்று அவுன்சு சுமார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் ஐந்து கிலோக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் உயரம், அகலம், அதற்குள் எவ்வளவு இரும்பு என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. பிறகு கொட்டகையிலிருக்கும் ஐந்து என்று போட்ட வட்டை நினைத்துப் பார்த்தேன். ஐந்து பவுண்டு இரும்பு அவ்வளவு பெரிதாக இருக்க முடியாது. இத்தனை மாதம் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன்.

மதியம் அக்கா வருவதற்கு முன் வட்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டித் தராசில் வைத்தேன். பதினொரு பவுண்டு. வெளிநாட்டுக் கப்பல் சாமான், கிலோக் கணக்கு. நோட்டைத் திறந்து பின்னோக்கிப் பெருக்கிக்கொண்டே போனேன். மூன்றாவது சனிக்கிழமையில் நின்றேன். அறுபது கிலோ, நூற்று முப்பத்திரண்டு பவுண்டு. நனைந்த துணியோடு சேர்த்து அவர் கணவரைவிட ஒரு பவுண்டு அதிகம்.

நிமிர்ந்தால் அக்கா பின்னால் நின்றிருந்தார். தராசைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

"அக்கா, இது பவுண்டு இல்ல."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ அஞ்சு பவுண்டுன்னு படிச்சியே, அன்னிக்கே. என் கையி சொல்லாதா?"

"அப்ப மூணாவது சனிக்கிழமையே..."

"அறுவது எண்ணினியே" என்றார். குரல் மாறவில்லை.

"அதுக்கப்புறமும் ஏங்க்கா?"

வட்டைத் தராசிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "எத்தினி போட்டா என் கையி தானா தெறக்கும்னு பாக்கணும். இதுவரிக்கும் தெறக்கல. அன்னிக்கு இது கசரத்து பண்ணாத கையி, அதையும் கழிக்கணும் இல்ல? எத்தினி கழிக்கணும்? நீ கணக்குத் தெரிஞ்சவ. சொல்லு."

மூன்று வாரத்தில் ஒரு கை எவ்வளவு பலப்படும் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. கொஞ்சம் என்பதுதான் பதில். அந்தக் கொஞ்சத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா அவர் நின்றார் என்பதைத் தராசு காட்டாது.

"உங்களுக்கே தெரியாதா அக்கா?"

"தெரிஞ்சா இத்தினி இரும்பு எதுக்கு?" என்றவர், வட்டை என்னிடம் நீட்டினார். முதல்முறையாக. "மாமிகிட்ட சொல்லப் போறியா? புடிச்சுட்டியா?"

இரண்டும் ஒரே மூச்சில் வந்த கேள்விகள். நான் இரண்டாவதுக்கு மட்டும் பதில் சொன்னேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதினொரு பவுண்டு என் கைக்கு வந்தது. தராசுக்குத் தூக்கிப்போனபோது தெரியாத அதன் கனம் அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மாமி கேட்டார். "இன்னிக்கு எத்தினி?"

அக்கா அடுப்படியில் பாலில்லாத சுலைமானி டீ போட்டுக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் நின்றது.

"தொண்ணூத்தஞ்சு, மாமி."

"பவுண்டு?"

"பவுண்டு."

"இன்னும் முப்பத்தாறு" என்றார் மாமி. மணி மறுபடி உருளத் தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அந்த மூன்று மாதமும் நோட்டில் பவுண்டு என்றே எழுதினேன். கிளம்புகிற அன்று காலையில் அக்கா என் டிரங்குப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "எட்டரை வீசை. இப்பதான் கல்லு சேந்துகீது" என்றார். நான் படியில் ஏறி நின்று பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்தேன். மறுபக்கம் அவர் கையில்.

"புடிச்சுட்டியா?"

"புடிச்சுட்டேன்."

அவர் விடவில்லை. இன்னொரு முறை சொன்னேன். விடவில்லை. கண்கள் கொட்டகையில் பார்ப்பதுபோலத் தரையில் ஒரே இடத்தில் இருந்தன. கண்டக்டர் ஏதோ சொன்னார், உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். உதடு அசைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் அதைக் கவனிக்கிற மாதிரி தலையைச் சாய்த்தார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. விசில் ஒலித்தது, பஸ் அசைந்தது, பெட்டி என் பக்கம் வந்துவிட்டது.

அவர் திறந்தாரா, பஸ் இழுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தூரத்தில் அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தபடி நின்றிருந்தார். அதில் ஒரு சிராய்ப்பும் இருந்திருக்காது.